செய்தியும் சிரிப்பும்

உங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு சாடி இருக்கிறது. அதனுள் இருக்கும் வெண்ணிறப் பொருளை உங்கள் அன்னையார் நாள்தோறும் கையால் அள்ளிக் குழம்பில் இடுகிறார். அப்பொருள் இரண்டு கொடிய பொருள்களின் சேர்க்கை. ஒன்று, தண்ணீர் பட்டவுடன் சீறித் தீப்பற்ற வல்ல உலோகம். மற்றொன்று, 1915-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், முதல் உலகப் போரின்போது, பெல்ஜிய நாட்டின் ஈப்பர் நகருக்கு அருகே படைவீரர்கள்மீது ஏவப்பட்ட நச்சுக் காற்று. இவ்விரண்டும் கூடிய பொருளை உண்ணாத வீடு தமிழ்நாட்டில் இல்லை.

மாணவ நண்பர்களே, இச்செய்தியை முதன்முறை கேட்பவர் திடுக்கிடுவார். 'அது வேறொன்றுமில்லை, நம் உப்புத்தான்' என்று சொன்னவுடன் சிரித்துவிடுவார். அச்சிரிப்போடு அவர் போய்விட்டால் அவருக்கு ஒரு வேடிக்கை கிடைத்தது. 'தீயும் நஞ்சும் சேர்ந்து எப்படி உப்பாயிற்று?' என்று அவர் திரும்பி வந்து கேட்டாரானால் அவருக்கு ஓர் அறிவு கிடைத்தது. வியப்பான அறிவியற் செய்திகளையும் மருத்துவச் செய்திகளையும் ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரிப்பது மாணவர்க்கு இயல்பு, நல்ல இயல்புங்கூட. அச்செய்திகளை எவ்வாறு சொல்வது, எவ்வாறு சிரிப்பது, சிரித்தபின் என்ன செய்வது என்பனபற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

உப்பிலிருந்தே தொடங்குவோம். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் வழியில், ஆறுமுகநேரிக்கும் காயல்பட்டினத்துக்கும் அண்மையில், சாகுபுரம் என்னும் ஊர் இருக்கிறது. அப்பக்கமாகப் பயணம் செய்வோர் உப்பளப் பாத்திகளையும், வெயிலில் பளிச்சிடும் உப்புக் குவியல்களையும், அவற்றிற்கு அப்பால் தொழிற்சாலை ஒன்றின் உயர்ந்த அமைப்புக்களையும் காண்பர். 1950-களின் இறுதியில் தோன்றிய இரசாயனத் தொழிற்சாலை அது. உப்பு எவற்றால் ஆனது என்று சற்றுமுன் சொன்னோமே, அவற்றைப் பிரித்தெடுக்கும் வேலைதான் அங்கு நடைபெறுகிறது. உப்புக் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்துகிறார்கள். ஒருபுறம் குளோரின் என்னும் காற்று வெளிப்படுகிறது. மறுபுறம் ஹைட்ரஜன் வெளிப்படுகிறது. காஸ்டிக் சோடா கரைசலாகத் தங்குகிறது. காஸ்டிக் சோடா, சோப்புக்கும் காகிதத்துக்கும் வேண்டப்படும் பொருள். போர்க்களத்தில் உயிரைக் கொன்ற அதே குளோரின், அளவாகச் சேர்க்கப்படும்போது குடிநீரிலுள்ள கிருமிகளைக் கொன்று நம் உயிரைக் காக்கிறது.

சோடியம் என்னும் உலோகத்தின் ஒவ்வோர் அணுவும் தன்னிடமுள்ள எலெக்ட்ரான் ஒன்றைக் கொடுத்துவிட விரைந்து நிற்கிறது. குளோரின் அணுவோ ஓர் எலெக்ட்ரானைப் பெற விரைந்து நிற்கிறது. இவ்விரைவே அவற்றின் கொடுமைக்குக் காரணம். இவை இரண்டும் கூடும்போது ஒன்று கொடுத்து அமைதி பெறுகிறது. மற்றொன்று பெற்று அமைதி பெறுகிறது. அவ்வமைதியின் பெயர் உப்பு. இதனை அறிந்தபின் முதலில் நாம் கேட்ட செய்தி அச்சந் தருவதில்லை. வியப்பு மட்டும் மிஞ்சுகிறது.

ஆயினும் இங்கே ஒன்றைக் கருதவேண்டும். முதலில் சொல்லப்பட்டவற்றுள் ஒரு சொல்கூடப் பொய்யன்று. உண்மைகளை மட்டும் அடுக்கியே கேட்பவரை அஞ்சச் செய்துவிட்டோம். இத்தகைய விளையாட்டு ஒன்றை அமெரிக்காவின் ஐடகோ மாநிலத்தில் 14 வயது மாணவர் ஒருவர் 1997-இல் சோதனையாகவே நடத்தினார். டைஹைட்ரஜன் மோனாக்சைடு என்னும் பொருளைப்பற்றிய அறிக்கையைத் தம் பள்ளியின் மாணவர் 50 பேரிடம் கொடுத்தார். இப்பொருள் ஆவியாக மேலே பட்டால் தோல் வெந்துபோகும். மூச்சுக்குழலுள் புகுந்தால் உயிர் போகும். இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். அமில மழையில் இது பெரும்பகுதியாக உள்ளது என்றெல்லாம் அதில் கண்டிருந்தது. இதனைத் தடை செய்யலாமா என்று கேட்டார். 50 பேரில் 43 பேர் 'தடை செய்யவேண்டும்' என்று வாக்களித்தனர். அப்பொருள் யாது? இரண்டு பங்கு ஹைட்ரஜனும் ஒரு பங்கு ஆக்ஸிஜனும் சேர்ந்த தண்ணீரே அது!

அந்த 43 பேரையும் பார்த்து நாம் நகைக்கலாம். ஆனால், அவர்கள் அறிவிலிகள் அல்லர். ஒவ்வொரு வாக்கியமும் உண்மையாக இருந்தமையின், முழுவதும் உண்மை என்று எண்ணிவிட்டனர். எவ்வளவு அளவில், எந்த நிலையில், எதனோடு ஒப்பிட்டு என்னும் வினாக்களை எழுப்ப மறந்தனர். கைப்பேசியில் இன்று நமக்கு வந்து சேரும் மருத்துவச் செய்திகளுள் பல இவ்வாறு அமைந்தவையே. பெயர் அச்சுறுத்தும், அளவு சொல்லப்பட்டிராது.

இனி, இதே கடற்கரையின் மற்றொரு செல்வத்தைப் பார்ப்போம். முத்து எவ்வாறு தோன்றுகிறது? சுவாதி நட்சத்திரத்தில் பெய்யும் மழைத்துளி, வாய் திறந்து காத்திருக்கும் சிப்பியுள் விழுந்து முத்தாகிறது என்று நம் நாட்டார் நெடுங்காலம் நம்பினர். நம்மவர் மட்டும் அவ்வாறு நம்பினர் என்று எண்ணவேண்டா. வானத்துப் பனியைச் சிப்பி ஏற்று முத்தாக்குகிறது என்று உரோம நாட்டுப் பிளினி முதல் நூற்றாண்டில் எழுதி வைத்தார். கடலடியில் கிடக்கும் சிப்பி மழைத்துளியை எங்ஙனம் பெறும் என்று முத்துக்குளிப்போர் ஒருவரைக் கேட்டிருந்தால், அவர் சிரித்திருக்கக்கூடும். கேட்டவர் எத்தனை பேரோ!

1901-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் இரஃபேல் துபுவா என்பார் உலகத்தைச் சிரிக்கவும் முகஞ்சுளிக்கவும் செய்த ஒரு செய்தியைக் கூறினார். எத்துணை அழகிய முத்தாயினும் அது ஒரு புழுவின் ஒளிவீசும் கல்லறையே என்பது அவருடைய கருத்து. சிப்பியின் உடலுள் புகுந்த ஒட்டுண்ணிப் புழுவைச் சுற்றிச் சிப்பி தன் பளபளப்பான பொருளைப் படலம் படலமாகப் பூசுகிறது. உள்ளே புழு இறந்து கிடக்கிறது. வெளியே முத்து ஒளிர்கிறது. அரசிமார் கழுத்தில் அணியும் ஆரம் புழுக்களின் கல்லறை வரிசை என்றால் சிரிப்பு வாராதிருக்குமா?

அடுத்த ஆண்டே இச்செய்தி நம் கடலுக்கு வந்தது. இலங்கையின் முத்துச்சலாபங்கள் பல்லாண்டு பொய்த்தமையால், அதன் காரணத்தை ஆராய லிவர்ப்பூல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹெர்ட்மன் 1902-இல் மன்னார் வளைகுடாவுக்கு வந்தார். அவருக்குத் துணையாக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் பின்னர்ச் சென்னை மாகாண மீன்துறையில் நெடுநாள் பணியாற்றியவர். இருவரும் ஆயிரக்கணக்கான சிப்பிகளைத் திறந்து பார்த்தனர். நாடாப்புழுவின் இளம் பருவமே நம் முத்துக்களின் மூலம் என்று கூறினர். சிப்பியை மீன் உண்கிறது. அம்மீனைத் திருக்கை போன்ற பெரிய மீன் உண்கிறது. அதன் குடலில் புழு முழு வளர்ச்சி அடைகிறது என்று ஒரு பெருங்கதையாகவே அது விரிந்தது.

அக்கதை நிலைத்ததா? முழுவதும் நிலைக்கவில்லை. பின்வந்த ஆராய்ச்சியாளர், புழு முத்துக்கு ஒரு தூண்டுதலாகலாமேயன்றி இன்றியமையாததன்று எனக் கண்டனர். சிப்பியின் ஓட்டை உண்டாக்குவது, அதன் உடலைப் போர்த்தியிருக்கும் மெல்லிய தோல். அத்தோலின் உயிரணுக்கள் சில, ஏதோ ஒரு காரணத்தால் இடம்பெயர்ந்து உடலுள் சென்று ஒரு சிறு பையாக அமைந்துவிட்டால், அப்பையினுள் முத்து விளைகிறது. இவ்வுண்மையைத் துணைக்கொண்டே சப்பானியர் வளர்ப்பு முத்தை உண்டாக்கினர். தூத்துக்குடியிலும் அது கைகூடியது. மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த டாக்டர் கே. அழகர்சாமி, தூத்துக்குடிக்கு அண்மையிலுள்ள வேப்பலோடையில் 1973-ஆம் ஆண்டில் உருண்டையான வளர்ப்பு முத்துக்களை விளைவித்தார். ஓட்டினால் செய்த ஒரு சிறு மணியையும், மற்றொரு சிப்பியின் போர்வைத் தோலில் வெட்டிய ஒரு துணுக்கையும் உள்ளே வைப்பதே முறை. அங்கே புழுவுக்கு வேலையே இல்லை.

நம் கடலில் இயற்கை முத்துக்களுக்காக நடந்த பெருஞ்சலாபம் 1961-இல் நடந்ததே இறுதியானது. அதன்பின் 12 ஆண்டுகள் கழித்து, கடலடியில் தேடியெடுத்த பொருளை மனிதன் வளர்த்தெடுக்கக் கற்றான். மழைத்துளி என்ற செய்தி பழையது. புழு என்ற செய்தி அதனினும் புதியது. உயிரணுப்பை என்ற செய்தி அதற்கும் புதியது. செய்திக்கும் வயது உண்டு என்பதை இதனால் அறிகிறோம். 'முத்து என்பது புழுவின் கல்லறை' என்று இன்றும் சிலர் சொல்லிச் சிரிப்பர். நகைச்சுவை நன்றாயிருப்பதனால், காலங்கடந்தும் அது உலவுகிறது. சிரிப்பூட்டும் செய்தியை மெய்ப்பிக்க யாரும் முயல்வதில்லை. அதுவே அதன் வலிமை, அதுவே அதன் தீமை.

தீமை என்று சொன்னேன். மழைத்துளியைப்பற்றிய தவறான செய்தியால் எவருக்கும் தீங்கு நேரவில்லை. ஆனால், உடலைப்பற்றிய தவறான செய்தி அத்தகையதன்று. முத்துக் குளிப்போரையும் சங்கு குளிப்போரையும் நினைத்துக்கொள்ளுங்கள். இடுப்பில் கயிறு, காலில் கல், ஒரே மூச்சு. ஒரு நிமிட அளவில் அவர் தம் வேலையை முடித்து மேலே வரவேண்டும். நம்மை மூச்சு விடச் செய்வது எது? பிராணவாயு குறைவதுதான் என்று பெரும்பாலோர் விடை கூறுவர். 1905-ஆம் ஆண்டில் ஜான் ஸ்காட் ஹால்டேன், பிரீஸ்ட்லி என்னும் இரு அறிஞர்கள் வேறு விடை கண்டனர். நம்மை மூச்சு வாங்கத் தூண்டுவது, பெரும்பாலும், இரத்தத்தில் கரியமில வாயு மிகுவதேயாகும். பிராணவாயு குறைவதை நம் உடல் அவ்வளவு எளிதாக உணர்த்துவதில்லை.

இது வெறும் வியப்பன்று. உயிரைக் காக்கும் செய்தி. எப்படி என்று கேளுங்கள். கடலிலோ குளத்திலோ நெடுநேரம் மூழ்கியிருக்கப் போட்டியிடும் இளைஞர்கள், முதலில் வேகவேகமாக ஆழ்ந்து மூச்சு வாங்கிக்கொண்டால் அதிக நேரம் இருக்கலாம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வர். சொல்லியபடி செய்து பார்த்தால் அது பலிப்பதுபோலவும் தோன்றும். உண்மையில் அவர்கள் பிராணவாயுவை மிகுதியாகச் சேர்த்துக்கொள்ளவில்லை. கரியமில வாயுவையே வெளியேற்றிவிட்டனர். 'மேலே வா' என்று எச்சரிக்கும் காவலனை வாயிலிலிருந்து அனுப்பிவிட்டது போன்றதாகும் இது. எச்சரிக்கை வருவதற்கு முன்பே பிராணவாயு தீர்ந்து, நீரின் அடியில் நினைவிழக்கிறார்கள். நன்றாக நீந்தத் தெரிந்தவரே இவ்வாறு இறப்பர். 'இது பலிக்கிறது' என்று சொல்லிய நண்பன் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொன்னான். மற்றப் பாதி சொல்லப்படாமையால் ஓர் உயிர் போகக்கூடும். கடற்கரையில் வாழும் மாணவர்கள் இதனை மறவாது தம் தோழரிடம் சொல்லவேண்டும்.

இதே ஹால்டேன் மற்றொரு விந்தையும் செய்தார். ஆழ்கடலில், குழாய் வழியே காற்றைப் பெற்று வேலை செய்வோர் விரைவாக மேலே வந்தால் மூட்டுக்களில் கடும் வலி உண்டாகும். கை கால் முடங்குவதும், இறப்பதும் உண்டு. அழுத்தத்தால் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், சோடாப் புட்டியைத் திறந்தாற்போல், குமிழிகளாக வெளிப்படுவதே காரணம். இதனை ஆராய அவர் வெள்ளாடுகளை இரும்பு அறையில் அடைத்து அழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும் பார்த்தார். ஆட்டைக் கூண்டில் அடைத்து ஆராய்ச்சி என்றால் கேட்போர் சிரிப்பர். ஆனால், 1908-இல் அவரும் அவர் தோழரும் வெளியிட்ட அட்டவணை, ஆழத்திலிருந்து படிப்படியாக நின்று நின்று மேலே வரும் முறையை உலகுக்குக் கற்பித்தது. இன்று காற்றுக்குழாயோடு சங்கு எடுக்க மூழ்குவோரும் அவ்வறிவுக்குக் கடன்பட்டவரே. அதனை அறியாமலும் பொருட்படுத்தாமலும் மூழ்குவோர் தம் உடலையே விலையாகக் கொடுக்கின்றனர்.

இவருடைய மைந்தர் ஜே. பி. எஸ். ஹால்டேன். பதின்மூன்று வயதிலேயே தந்தையின் ஆராய்ச்சியின்பொருட்டு மூழ்குடை அணிந்து கடலுள் இறங்கியவர். பின்னாளில் தம் உடலையே ஆராய்ச்சிக்கூடமாக ஆக்கிக்கொண்டவர். 1957-இல் இந்தியாவுக்கு வந்து, இந்நாட்டுக் குடிமகனாகி, கல்கத்தாவிலும் புவனேசுவரத்திலும் பணியாற்றினார். மருத்துவச் செய்தியைக் குறித்து எவ்வாறு நகைப்பது என்பதற்கு அவரைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. அவருக்குக் குடலில் புற்றுநோய் கண்டது. இலண்டனில் அறுவை மருத்துவம் செய்துகொண்டார். 1964-இல், புற்றுநோய் ஒரு வேடிக்கையான பொருள் என்னும் கருத்தில் தலைப்பிட்டு, நகைச்சுவைக் கவிதை ஒன்றை 'நியூ ஸ்டேட்ஸ்மன்' இதழில் வெளியிட்டார். அதே ஆண்டு டிசம்பர் 1-ஆம் நாள் புவனேசுவரத்தில் காலமானார்.

சாவை எதிரே வைத்துக்கொண்டு அவர் ஏன் சிரித்தார்? அந்நாளில் புற்றுநோய் என்னும் சொல்லை உரக்கச் சொல்லவே மக்கள் அஞ்சினர். அச்சமும் நாணமும் கொண்டு, அறிகுறிகளை மறைத்து, காலங்கடந்தபின் மருத்துவரிடம் சென்றனர். அந்த அச்சத்தைக் கலைப்பதற்கே ஹால்டேன் நகைச்சுவையைக் கையாண்டார். அறிகுறி கண்டவுடன் மருத்துவரைக் காணுங்கள் என்பதே அவர் கவிதையின் உட்பொருள். அவர் நகைத்தது தம் நோயை. அடுத்த கட்டிலில் கிடந்தவரின் நோயையன்று. நோயுற்றவனைப் பார்த்துச் சிரிப்பது சிறுமை. நோயைப் பார்த்து, நோயுற்றவனோடு சேர்ந்து சிரிப்பது துணிவு. இவ்வேறுபாட்டை மருத்துவக் கல்லூரி மாணவர்கள் சிறப்பாக உள்ளத்தில் கொள்ளவேண்டும்.

சிரிப்பதற்கே பரிசு கொடுப்போரும் இருக்கின்றனர். நோபல் பரிசின் பெயரைக் கேலியாகத் திரித்து 'இக் நோபல்' என்று ஒரு பரிசை, அமெரிக்காவில் 1991-இல் தொடங்கி, அளித்து வருகின்றனர். முதலில் சிரிக்கவும் பின்னர்ச் சிந்திக்கவும் செய்யும் ஆராய்ச்சிகளுக்கு அது உரியது. 2001-ஆம் ஆண்டில் பெங்களூரின் தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த சித்தரஞ்சன் அந்திராதே, ஸ்ரீஹரி ஆகிய இருவர் அதனைப் பெற்றனர். அவர்கள் கண்டறிந்தது யாது? இளம் பருவத்தினர் மூக்கைக் குடைகின்றனர் என்பதே! நான்கு பள்ளிகளின் மாணவர் 200 பேரைக் கேட்டு, ஏறத்தாழ எல்லோரும் இப்பழக்கம் உடையவர் என்றும், நாளொன்றுக்கு நான்கு முறை என்பது நடுத்தர அளவு என்றும் எழுதினர். இதற்கு ஆராய்ச்சியா என்று நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரிக்கும் உங்களுள் எத்தனை பேர் கையை இப்பொழுது மூக்கிலிருந்து எடுத்தீர்களோ, நான் அறியேன்! ஆனால், ஒரு பழக்கம் எப்பொழுது பழக்கம், எப்பொழுது நோய் என்று சொல்வதற்கு, இயல்பானவர் எவ்வளவு செய்கின்றனர் என்பது முதலில் தெரியவேண்டுமன்றோ? அவ்வளவையே அவர்கள் அளந்தனர்.

அடுத்த ஆண்டு, 2002-இல், கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஸ்ரீகுமாரும் நிர்மலனும் அப்பரிசைப் பெற்றனர். இந்திய யானையின் உடற்பரப்பு முழுவதையும் கணக்கிடும் முறையைக் கண்டதற்காக! யானைக்குச் சட்டை தைக்கவா என்று கேட்கத் தோன்றும். யானை நம்மைப்போல் உடல் முழுதும் வியர்ப்பதில்லை. தோலின் பரப்பின் வழியாகவே தன் வெப்பத்தை வெளிவிடவேண்டும். உடல் வெப்பத்தை ஆராய்வதற்கும், மருந்தின் அளவை எண்ணிப் பார்ப்பதற்கும் பரப்பளவு துணைசெய்யும். யானையின் தோலை உரித்து அளக்க இயலுமா? அதனால், உயரத்தையும் முன்காலடியின் சுற்றளவையும் அளந்தால் போதும் என்று ஒரு சூத்திரம் வகுத்தனர். கோயில் வாயிலில் நிற்கும் யானையைக் காணும்போது, அடுத்த முறை அதன் முன்காலைச் சற்றுக் கூர்ந்து பாருங்கள்.

இவையெல்லாம் கதவைத் திறக்கும் சிரிப்பு. கதவை மூடும் சிரிப்பும் உண்டு. மாட்டம்மையின் நீரைக் குத்தினால் பெரியம்மை வாராது என்று எட்வர்டு ஜென்னர் 1798-இல் எழுதினார். அச்செய்தி அக்காலத்தாருக்கு எத்துணை வியப்பாக இருந்திருக்கும்! 1802-இல் கில்ரே என்னும் கேலிச்சித்திரக்காரர் ஒரு படம் வரைந்தார். அம்மை குத்திக்கொண்டவர்களின் முகத்திலும் கையிலும் முதுகிலும் சிறு சிறு மாடுகள் முளைத்துக் கிளம்புவதாக அது காட்டியது. இலண்டன் மாநகரம் சிரித்தது. அதே ஆண்டு ஜூன் 14-ஆம் நாள் பம்பாயில் மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்றுக்கு இந்தியாவின் முதல் அம்மைப்பால் குத்தப்பட்டது. அக்குழந்தைக்கு மாடும் முளைக்கவில்லை, கொம்பும் முளைக்கவில்லை. 1980-இல், பெரியம்மை உலகைவிட்டே ஒழிந்தது என்று உலக நல நிறுவனம் அறிவித்தது. இடைப்பட்ட காலத்தில், கேலியை நம்பி ஊசியை மறுத்தவர்களின் வீடுகளில் சிரிப்பு இருந்திராது.

நம் காலத்துக்கு வருவோம். 2020-இல் கொரோனாத் தொற்றுப் பரவியபோது, உப்பு நீரால் தொண்டையைக் கொப்பளித்தால் கிருமி செத்துவிடும் என்னும் செய்தி பல மொழிகளில் கைப்பேசிதோறும் சென்றது. தூத்துக்குடியில் மலைமலையாக உப்பு இருக்க நமக்கென்ன அச்சம் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். தொண்டைக் கரகரப்புக்கு உப்பு நீர் சிறிது இதம் தருவது உண்மை. அது தொற்றைத் தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை. உப்பு நீராயினும் போகட்டும், பெரிய தீங்கில்லை. அதே ஆண்டில் ஈரான் நாட்டில், சாராயம் அருந்தினால் நோய் வாராது என்னும் வதந்தியை நம்பி, மெதனால் என்னும் நச்சுச் சாராயத்தைக் குடித்து நூற்றுக்கணக்கானோர் இறந்தனர். முதன்முதலில் அதனைச் சொன்னவர் விளையாட்டாகச் சொன்னாரோ, வினையாகச் சொன்னாரோ, யார் அறிவார்? பத்தாவது கைக்குச் செல்லும்போது செய்தியிலிருந்து சிரிப்பு உதிர்ந்துவிடுகிறது. கட்டளை மட்டும் எஞ்சுகிறது.

அப்படியானால், வியப்பான செய்தி வந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பதா? வேண்டா. உப்பைக் குறித்தே உண்மையான வியப்பும் ஒன்று உண்டு. இமயமலை அடிவாரங்களில் பலருக்குக் கழுத்தின் முன்புறம் கழலை வீங்கியிருக்கும். அங்குப் பிறக்கும் குழந்தைகளிற் சிலர் செவிடராகவும் மதிவளர்ச்சி குன்றியவராகவும் இருப்பர். உப்பில் மிகச் சிறிய அளவு அயோடின் சேர்த்தால் இத்துன்பம் நீங்கும் என்பது கேட்பதற்கு நம்பத் தகாத செய்தி. டாக்டர் இராமலிங்கசுவாமியும் அவர் தோழரும் அதனை நம்பவுமில்லை, நகையாடவுமில்லை, சோதித்தனர். 1956-இல் காங்ரா பள்ளத்தாக்கைப் பகுதிகளாகப் பிரித்து, சில பகுதிகளுக்கு அயோடின் உப்பும், ஒரு பகுதிக்கு வெறும் உப்பும் கொடுத்து, ஆண்டுக்கணக்கில் பார்த்தனர். அயோடின் உப்பு உண்ட பகுதிகளில் கழலை பெரிதும் குறைந்தது. 1962-இல் இந்திய அரசு அதற்கென ஒரு திட்டமே தொடங்கியது. உப்பு நீரைக் கொப்பளிக்கச் சொன்ன செய்தியும், உப்பில் அயோடின் சேர்க்கச் சொன்ன செய்தியும் காதுக்கு ஒரே வகையாகத்தான் ஒலிக்கும். ஒன்றன் பின்னே சோதனை இருக்கிறது. மற்றொன்றன் பின்னே இல்லை. இதனையன்றி வேறு வேறுபாடு இல்லை.

ஆதலின், மாணவ நண்பர்களே, ஒரு செய்தியை அடுத்தவருக்குச் சொல்லுமுன் மூன்று வினாக்களை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இதனை யார் கண்டார்? எத்தனை பேரிடம், எதனோடு ஒப்பிட்டுக் கண்டார்? இதனை ஒருவர் நம்பி அப்படியே செய்தால் அவருக்கு என்ன நேரும்? முதல் இரண்டு வினாக்களுக்கும் விடை கிடைக்காவிட்டாலும், மூன்றாவதற்குத் 'தீங்கு நேராது' என்பது விடையானால், 'இது வேடிக்கை' என்று சொல்லி நன்றாகச் சிரியுங்கள். தீங்கு நேரக்கூடுமானால், அச்செய்தி உங்கள் கையோடு நிற்கட்டும். உங்கள் வீட்டுப் பாட்டியார் அத்தகைய செய்தி ஒன்றைச் சொன்னால், அவரைப் பார்த்து நகையாதீர்கள். 'யார் பார்த்தார்கள், பாட்டி?' என்று அன்போடு கேளுங்கள். அக்கேள்வியே போதும்.

சாகுபுரத்துத் தொழிற்சாலை உப்பைப் பிரித்துப் பார்க்கிறது. தூத்துக்குடியின் ஆராய்ச்சி நிலையம் சிப்பியைத் திறந்து பார்த்தது. நீங்களும் உங்களிடம் வரும் செய்தியைத் திறந்து பாருங்கள். உள்ளே புழு இருக்கலாம்; ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம்; நல்ல முத்தாகவும் இருக்கலாம். திறந்து பார்த்தபின் சிரிக்கும் சிரிப்பில் யாருக்கும் தீங்கில்லை.